நல்லமலைச் செஞ்சுகளின் வாழ்வும் வனச் சட்டங்களும்

முன்னுரை

1788 முதல் ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் நிலத்தில் ஐரோப்பியர் குடியேறினர். வேட்டைக்களங்கள் மேய்ச்சல் நிலங்களாயின. தொல்குடியினர் பலர் அந்நிலத்திலேயே கூலிகளாயினர். தக்காணத்து நல்லமலைக் காட்டில் அத்தகைய குடியேற்றம் நிகழவில்லை. ஆயினும் அங்கு வாழும் செஞ்சு மக்களின் வாழ்வும் மாறியது. அம்மாற்றம் எவ்வழி நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் வாழ்வும்

நல்லமலைக் காடு ஐதராபாத்திற்குத் தெற்கே கிருஷ்ணை ஆற்றின் இருமருங்கும் பரந்துள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய திருப்பருப்பதமும் திருமங்கையாழ்வார் பாடிய சிங்கவேள்குன்றமும் இம்மலைத்தொடரில் உள்ளன. ஆழ்வாரின் பதிகம் வில்லேந்திய வேடரைக் குறிப்பிடுகிறது. அவ்வேடர் எக்குடியினர் எனப் பதிகம் சுட்டவில்லை; எனினும் வேட்டுவ வாழ்வின் தொன்மைக்கு அது சான்றாகும்.

செஞ்சுகள் தெலுங்கு பேசுவோர். 'பெண்டா' எனப்படும் சிற்றூர்களில் வாழ்ந்தனர். தோண்டுகோலால் கிழங்கு அகழ்தலும் தேன் எடுத்தலும் வில்லால் வேட்டையாடலும் அவர்தம் தொழில்கள். ஒவ்வொரு குழுவும் தனக்குரிய காட்டெல்லையை அறிந்திருந்தது. அவ்வுரிமை ஆவணத்தில் அன்று, வழக்கில் நிலைபெற்றிருந்தது.

இரு ஆட்சிகளும் ஒரு விளைவும்

1839இல் கர்நூல் ஆங்கிலக் கம்பெனியின் வசமானது. ஆற்றின் தென்கரை சென்னை மாகாணத்திலும் வடகரை நிசாம் ஆட்சியிலும் அமைந்தன. தென்கரையில் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிசாம் அரசும் பிரித்தானிய இந்திய முறையைத் தழுவியே வனத்துறையை நடத்தியது. காப்புக்காடுகளில் வழக்குரிமை, அரசு வழங்கும் சலுகையாயிற்று. மூங்கில் முதலிய காடுபடு பொருள்கள் குத்தகைக்கு விடப்பட்டன. உண்பதற்காகத் திரட்டியோர் விற்பதற்காகவும் திரட்டலாயினர். கிழங்கின் இடத்தைத் தானியம் படிப்படியாகப் பெற்றது.

ஆஸ்திரிய மானிடவியலர் கிறிஸ்டோஃப் வான் ஃபியூரர்-ஹைமன்டார்ஃப் செஞ்சுகளைப் பற்றி எழுதிய நூல் 1943இல் வெளிவந்தது. அமராபாத் மேட்டின் உட்பகுதியில் பழைய வாழ்வு நீடித்ததையும், ஊர்களை அடுத்து வாழ்ந்தோர் பிறரைச் சார்ந்து பிழைத்ததையும் அந்நூல் வேறுபடுத்திக் காட்டுகிறது.

விடுதலைக்குப் பின்

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1983இல் நாகார்ஜுனசாகர்-சிறீசைலம் புலிகள் காப்பகம் அமைந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே சலுகையை மீண்டும் உரிமையென ஏற்றது.

முடிவுரை

ஆஸ்திரேலியாவில் குடியேறியோர் நிலத்தைக் கைக்கொண்டனர். நல்லமலையில் குடியேறுவோர் இன்றியே சட்டம் அப்பணியைச் செய்தது. எனவே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனை வழங்கப்பட்ட பட்டாக்களின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் இயலாது. கிழங்கு அகழவும் தேன் எடுக்கவும் பெண்டா மக்கள் தம் பழைய எல்லைக்குள் தடையின்றிச் செல்லுகின்றனரா என்பதே உரிய அளவுகோலாகும்.