ஒற்றிக்குப் போன கரை: துறைமுகமும் வடசென்னையும்

சென்னையின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோட்டையில் தொடங்கித் தெற்கு நோக்கி நடந்துபோகிற வரலாறு. மெரினா, மயிலாப்பூர், அடையாறு என்று அது போய்க்கொண்டே இருக்கும். வடக்கே திரும்பினால் இரண்டு செய்திகள் தேறும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது. ஒரே ஒரு ராத்திரி குண்டு போட்ட கப்பலுக்குத் தமிழில் ஒரு சொல்லே கிடைத்துவிட்டது. 'ஆள் பெரிய எம்டன்' என்கிறோம். ராயபுரத்துக்கு வடக்கே நூறு வருஷத்துக்கும் மேலாகக் கரையைத் தின்றுவருகிற ஒன்றுக்கு மட்டும் பேர் இல்லை. நம்மிடம் இருக்கிற சொல் 'கடலரிப்பு'. அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

கடலரிப்பு என்று சொன்னவுடனே அரிப்பது கடல் என்றாகிவிடுகிறது. எழுவாய் இயற்கை, ஆகவே குற்றவாளி யாருமில்லை. ஆனால் இந்தக் கரையில் நடந்தது வேறு. வருஷத்தின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து கரையில் மோதுகிறது. மணலை வடக்கே இழுத்துப்போகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் மணல் தெற்கே திரும்பும். கூட்டிக்கழித்துப் பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கித்தான். 1875இல் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் நீண்ட சுவர் மணலின் வழியை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. கடல் எடுத்துக்கொண்டதற்கு ஈடு வரவில்லை. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் தெற்கே உலாவும் சாலை அமைத்து 'மெரினா' என்று பேர் வைத்தார். இன்று நாம் பெருமையடிக்கும் மெரினாவின் அகலத்தில் ஒரு பெரும்பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா? இல்லை. துறைமுகத்தின் முதல் வாய் கிழக்கே பார்த்து இருந்தது. 1881 புயல் சுவர்களைச் சிதைத்தது, திரும்பக் கட்டினார்கள், மணல் வாயை அடைக்க வந்தது. 1904இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயை மூடி வடகிழக்கில் புதுவாய் திறந்தார். சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகர்வதைப் பற்றி லண்டன் பொறியாளர் கழகத்துக்குக் கட்டுரையே எழுதியவர் அவர். மணல் கணக்கு ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கப்பலுக்கு ஆபத்து என்றால் மணல் பொறியியல் பிரச்சினை. குப்பத்துக்கு ஆபத்து என்றால் அது 'இயற்கைச் சீற்றம்'. அறிவு எதைக் கேள்வியாக்குகிறது, எதை விதியாக விட்டுவிடுகிறது என்பதை அதிகாரம் தீர்மானிக்கிற விதம் இதுதான்.

துறைமுகம் இல்லாத காலத்தில் இந்தக் கரை மக்கள்தான் துறைமுகம். கப்பல்கள் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் அலையைத் தாண்டிச் சரக்கையும் துரைமார்களையும் கரைசேர்த்தவர்கள் இவர்கள். கறுப்பர் நகரத்தையொட்டி இருந்த அவர்களைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கே தள்ளிக் குடியமர்த்தினார்கள். கத்தோலிக்கப் படகோட்டிகள் தங்கள் புனிதரின் பேரை ஊருக்கு வைத்தார்கள். பேதுருவுக்குத் தமிழில் இராயப்பர் என்று பேர், அவரும் மீன்பிடித்தவர்தான். துறைமுகச் சுவர் எழும்பியதும் முதலில் அவர்களுடைய தொழில் போயிற்று. பிறகு கரையும் போயிற்று.

அப்புறம் வந்தவர்களின் பட்டியல் நீளமானது. ரயில்வேயோடு வந்த ஆங்கிலோ இந்தியர்கள், 1910இல் ராயபுரத்தில் அக்கினிக் கோயில் எழுப்பிய பார்சிகள், தெலுங்கு பேசும் தொழிலாளர்கள், கிராமத்துச் சாதிக் கொடுமைக்குத் தப்பி வந்த தலித்துகள், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள். இப்படி வரிசையாக அடுக்கி 'பல சமூகத்தார் ஒற்றுமையாய் வாழும் பகுதி' என்று முடிப்பது வெள்ளைக்காரன் எழுதிய கெஜட்டியர்களின் பாணி. நாமும் அதையே செய்யக்கூடாது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இங்கே பக்கத்தில், பெரம்பூர் பி அண்டு சி மில்லை மையமாக வைத்துத்தான். 1921 வேலைநிறுத்தத்தில் அதே மில் தொழிலாளர்கள் சாதி இந்துக்கள், தலித்துகள் என்று பிளந்தார்கள்; புளியந்தோப்பு எரிந்தது. வர்க்கம் என்ற ஒரு சொல் போட்டு இதை மூடிவிட முடியாது.

நம்ம இடதுசாரி வரலாற்று எழுத்துக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. 1923 மே முதல் நாள் இந்தியாவில் முதல் மேதினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவர் சமூகத்தவர். ஆனால் தொழிலாளர் வரலாறு மில் கேட்டோடு நின்றுபோனது. கூலிக்குப் போராட்டம் உண்டு. கரைக்குப் போராட்டம் என்பதை அது தன் கணக்கில் சேர்க்கவில்லை. கரை ஒரு உற்பத்திச் சாதனம். வலை காயப்போட, படகு ஏற்ற, மீன் உலர்த்த மணல் வேண்டும். மணல் போனால் மீனவர் சாலையோரத்துக்கு வருகிறார். அங்கே அவருக்குப் பேர் 'ஆக்கிரமிப்பாளர்'. மணல் சேர்ந்த பக்கத்து மீனவருக்காவது நிம்மதி உண்டா? 1985இல் மெரினாவை அழகுபடுத்தப் படகுகளை அகற்றப் பார்த்தது அரசு. எதிர்த்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள்.

மணலைத் தெற்கே நிறுத்திய நகரம், தனக்கு வேண்டாததையெல்லாம் வடக்கே அனுப்பியது. 1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970இலிருந்து எண்ணூர் அனல்மின் நிலையம். 1994இலிருந்து வடசென்னை அனல்மின் நிலையம். சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. இறால் பிடிக்கும் இடம் சகதியானது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. ராயபுரத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தது; அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா. இவற்றுக்குப் பேர் 'கசிவு', 'விபத்து'. மறுபடியும் எழுவாய் இல்லாத சொற்கள்.

வடசென்னை ஆலையே வேண்டாம் என்று சொன்னதில்லை. அசோக் லேலண்டிலும் என்ஃபீல்டிலும் வேலை பார்த்து வீடு கட்டிய தலைமுறை இங்கே உண்டு. ஆலை தந்த கூலிக்கு ரசீது இருக்கிறது. ஆலையும் துறைமுகமும் எடுத்துக்கொண்ட கரைக்கு ரசீது இல்லை என்பதுதான் வழக்கு.

திருவொற்றியூர்த் தலபுராணம், பிரளய வெள்ளத்தை இறைவன் ஒற்றியெடுத்ததால் ஊருக்கு இந்தப் பேர் என்கிறது. ஒற்றிக்கு நடைமுறையில் இன்னொரு பொருளும் உண்டு: கடனுக்கு ஈடாக நிலத்தின் அனுபோகத்தை அடுத்தவரிடம் விடுவது. இந்தக் கரையின் அனுபோகம் கைமாறிவிட்டது. கடன் வாங்கியது யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

2004இலிருந்து கல் தூண்டில் வளைவுகள் போடுகிறார்கள். ஒரு வளைவு தன் தெற்கே கொஞ்சம் மணல் சேர்க்கும். அரிப்பை அடுத்த குப்பத்துக்குத் தள்ளும். 1875இன் சுவர் செய்த அதே வேலை, சின்ன அளவில். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு தள்ளிப்போனது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் இருப்பது ஒரு ஒடுங்கிய மணல்திட்டு. அங்கே மணல் நின்றால் என்ன ஆகும் என்று ஊகிக்க நிபுணர் தேவையில்லை. ராயபுரத்தைப் பார்த்தால் போதும். அடுத்த முறை கருத்துக்கேட்பு நடந்தால், திட்ட அறிக்கையில் 'கடலரிப்பு' என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் எழுவாய் எங்கே என்று கேட்க வேண்டும்.