சணல் முறுக்கில் தொடங்கிய மெட்டா பொருள்

மின்காந்த அலையை ஒரு பொருள் எப்படித் திருப்பும் என்பதை அதன் வேதியியல் மட்டுமன்றி உள்ளமைப்பும் தீர்மானிக்கலாம். இதை 1898இல் சோதனையாகக் காட்டியவர் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ். சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைச் சுழற்றும். அக்கரைசலின் மூலக்கூறுகளுக்குப் பதிலாக அவர் முறுக்கிய சணல் நார்க்கட்டுகளை வைத்து நுண்ணலைகளைச் செலுத்தினார். வலமுறுக்குச் சணல் தளத்தை ஒரு பக்கம் திருப்பியது. இடமுறுக்கு எதிர்ப்பக்கம் திருப்பியது. இரண்டையும் சமமாகக் கலந்தபோது சுழற்சியே இல்லை. வங்கத்து வயலில் விளைந்த நாரைக் கொண்டு இவ்வளவு ஆழமான கேள்விக்கு விடை கண்டது வியக்கத்தக்க சாதனை.

இப்படி உள்ளமைப்பால் அலையை ஆளும் செயற்கைப் பொருள்களை இன்று மெட்டா பொருள்கள் என்கிறோம். அலை வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும் எதிர்மறை ஒளிவிலகலுக்கான கோட்பாட்டை சோவியத் இயற்பியலாளர் விக்டர் வெசலாகோ 1967இல் வெளியிட்டார். 2000ஆம் ஆண்டையொட்டி, செம்பு வளையங்களாலும் கம்பிகளாலும் அவ்விலகலைக் காட்டும் மெட்டா பொருள்கள் உருவாயின.

ஆனால் அவற்றின் இயல்பு, செய்தபோதே நிலைத்துவிட்டது. அதை விரும்பியபடி மாற்ற, 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காலியம் ஆர்சனைடு என்னும் குறைக்கடத்தி மீது பிளவுள்ள பொன் வளையங்களைப் பதித்து மின்னழுத்தம் கொடுத்தனர். பிளவின் அடியிலிருந்த எலக்ட்ரான்கள் விலகின. வளையங்களின் ஒத்ததிர்வு வலுத்தது. ஊடுருவும் டெராஹெர்ட்ஸ் அலையின் அளவு குறைந்தது. மின்னழுத்தத்தை மாற்றியே அலையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது.