புத்தளக் கரையும் உளுத்த மரமும்

ஒரு நாட்டின் பழைய வரலாற்றை அறிய விழைவோர் முதலிற் கல்லையும் செம்பையும் நாடுவர். அவை கிடையாவிடத்துச் சரித்திரமே இல்லை எனத் துணிந்துவிடுவாரும் உளர். இலங்கையின் வடமேற்கே கற்பிட்டி முதல் சிலாபத்துக்குத் தெற்கு வரை நீண்டு கிடக்கும் புத்தளக் கரைக்கு அத்துணிபு பொருந்தாது. முன்னேசுவரத்தில் ஆறாம் பராக்கிரமபாகு காலத்துத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. எனினும் அத்தகையன இக்கரையிற் சிலவே. இங்கு வாழ்ந்தோர் பெரிதும் மரத்தையும் ஓலையையும் கொண்டே வீடும் வேலியும் அமைத்தனர். மரத்தை உண்ணும் சிற்றுயிர்கள் அவர்தம் சுவடுகளையும் உடனுண்டன.

இதற்கு எடுத்துக்காட்டு வேண்டின் 1344 ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டு மாலைதீவினின்றும் வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பட்டூட்டா, ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்திற் கண்டார். அவர் கண்ட பட்டினம் சிறியதாயினும் அழகியது; அதனைச் சூழ்ந்த மதில் மரத்தாலாயது; காவற் கோபுரங்களும் மரத்தாலாயவையே. கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்ததையும் அவர் குறித்துள்ளார். அம்மதில் இன்று எங்கே? ஒரு கட்டையேனும் எஞ்சவில்லை. ஆனால் ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கி 1676 இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை, முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனமையின், இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. ஆகவே, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோமாயின், ஒல்லாந்தரின் வரலாறே இக்கரையின் வரலாறு எனக் கொள்ள நேரும்.

மரத்தை அழிக்கும் பகைகளை நம் முன்னோர் பிரித்தறிந்தனர். கறையான் மண்ணினின்றும் ஈரத்தோடு ஏறி வருவது. அதன் புற்றுவழியைக் கண்டு தடுக்கலாம். உளுப்பூச்சியோ உலர்ந்த மரத்தினுள்ளேயே வாழ்வது. பெண் வண்டு வெளிமரத்தின் நுண்டுளைகளில் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு மரத்திலுள்ள மாப்பொருளை உண்டு உள்ளே வழி குடையும். பின் வண்டாகி, ஊசி முனை நுழையுமளவு துளையிட்டு வெளியேறும். கைமரத்தின் கீழ் அரிசிமா சிந்தியது போன்ற தூளைக் காணும்போதுதான் வீட்டார் விழிக்கின்றனர். அதற்குள் உள்ளழிவு பெரும்பாலும் நிகழ்ந்துவிடுகின்றது.

இதனைத் தடுக்கும் வழக்கங்கள் பொருளற்றவை அல்ல. முற்றிய பனையைத் தறித்து, வெளிப்புறத்து வைரத்தைக் கொண்டு, நடுவிலுள்ள சோற்றியை நீக்குவர். புழுவுக்கு உணவாவது அச்சோற்றியே. மற்றை மரங்களைக் களப்பிலோ குளத்திலோ பல மாதம் ஊறப்போடுவர். மாப்பொருள் நீரிற் கரைந்தும் சிதைந்தும் போகவே, பின்னர் வரும் வண்டுக்கு அங்கே இரை இல்லை. உவர்நீரில் வேறோர் இடர் உண்டு. கப்பலின் அடிப்பலகையைத் துளைக்கும் கடற்புழு ஊறும் மரத்தையும் துளைக்கும். அதனாலேயே மரத்தைச் சேற்றினுள் ஆழப் புதைத்தனர். காற்றில்லாச் சேற்றில் அப்புழு வாழாது. வள்ளங்களுக்குச் சுறா எண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெயும் பூசினர். அடுக்களைக் கூரையை நாள்தோறும் புகை காத்தது. பூச்சியியல் நூல் ஒன்றையும் கல்லாதார் கண்ட முறைகள் இவை.

மரம் அழிந்த விடத்தும் சொல் நிலைத்தது. வளை, கைமரம், நிலை என்பன நம் தச்சரின் சொற்கள். தீராந்தி, யன்னல், விறாந்தை, அலுமாரி என்பன போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. ஒரு பழைய வீட்டினுள் நின்று அதன் உறுப்புக்களின் பெயரைச் சொல்லிப் பார்ப்பின், இக்கரையில் யார் யார் வந்து போயினர் என்பது ஒருவாறு விளங்கும்.

ஏட்டின் கதையும் இதுவே. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 இல் இலங்கை அகராதி நூலொன்றையும், 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் அச்சிற் பதித்தார். அச்சேறியவை பிழைத்தன. வீட்டுப் பரணிலே கிடந்த ஏடுகள் எத்தனை பூச்சிக்கு இரையாயின என்பதை யார் கணக்கிடுவார்?

இன்று உளுத்த கைமரத்தைக் கண்டவுடன் முழுக்கூரையையும் பிரித்து விறகுக்கு விற்றுவிடுகின்றோம். அஃது எப்போதும் வேண்டுவதன்று. தூள் புதிதாக விழுகின்றதா எனக் கீழே கறுப்புத் துணி விரித்துச் சில கிழமை பார்த்தல் முதற் கடன். பழந்துளைகள் மட்டுமே இருப்பின் பகை நீங்கியதாகவும் இருக்கலாம். புதுத்தூள் விழுமாயின், வலுவிழந்த துண்டை மாற்றி, எஞ்சியதற்கு வெங்காரமும் போறிக்கமிலமும் கலந்த கரைசலை ஊட்டுதல் நன்று. மழை படாத உள்மரத்தில் அது நெடுங்காலம் நிற்கும்.

அதனினும் முதன்மையான கடன் ஒன்றுண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், உடப்பிலோ கற்பிட்டியிலோ பழைய வீடு ஒன்று பிரிக்கப்படுவதைக் காணின், அதன் அளவையும் மரத்தின் பெயரையும் நிலையிற் செதுக்கிய ஆண்டையும் எழுதி வைப்பாராக. முதிய தச்சரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்து வைப்பாராக. மரமதில் சூழ்ந்த புத்தளத்தை அயல்நாட்டார் ஒருவர் எழுதியதனாலன்றோ நாம் அறிந்தோம்? நம் வீட்டை நாமே எழுதாதொழியின், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது அத்தூள் ஒன்றே.