அம்பன் கங்கைப் பள்ளத்தாக்கு: நீரும் மாந்தரும்

இலங்கை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய தலைநகர்களை மையமாகக் கொண்டே எழுதினர். அத்தலைநகர்களுள் சிலவற்றிற்குச் சோறிட்ட நீர் எங்கிருந்து வந்தது, அந்நீர் புறப்பட்ட இடத்தில் வாழ்ந்தோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டன. மாத்தளை மாவட்டத்து அம்பன் கங்கைப் பள்ளத்தாக்கு இவ்வினாக்களுக்கு விடை தேடுதற்கு ஏற்றதொரு களமாகும்.

மாத்தளை நகரையொட்டி வடக்கு நோக்கிப் பாயும் சுது கங்கை, நாலந்தைப் பக்கத்து நீரோடையுடன் கலந்து அம்பன் கங்கையாகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் களு கங்கையும் அதனைச் சேர, ஈற்றில் அது மகாவலியுடன் சங்கமிக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் முடிசூடிய வசபனுக்கு உரியதாக மகாவம்சம் கூறும் அலிசாரக் கால்வாயை, ஆய்வாளர் எலஹெரக் கால்வாயென இனங்காண்பர். மகாசேனன் கட்டிய மின்னேரியாக் குளம் இக்கால்வாயின் நீரையே நம்பி நின்றது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அமைத்த பராக்கிரம சமுத்திரமும் அங்கமெடில்லவில் இவ்வாற்றை மறித்தே நீர் பெற்றது. பள்ளத்தாக்கின் நீர் சமவெளியின் செல்வமாயிற்று.

பள்ளத்தாக்கு நீரை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை, வந்தோரையும் ஏற்றுக்கொண்டது. நாலந்தையிலுள்ள கெடிகே என்னும் கற்றளி இதற்குச் சான்று. 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கருதப்படும் இப்பௌத்த ஆலயம், மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டும் திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மலைச்சரிவுகளும் கைமாறின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரமற்ற காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. புதிய வரிகள் மூட்டிய சினமும் சேர, 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கியோருள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகளின் பின்னே ஏழை உழவர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்களுக்குக் கல்லறைகள் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர், கொக்கோவும் இறப்பரும் தேயிலையும் அவர்தம் வழித்தோன்றல்களின் உழைப்பில் வளர்ந்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த் திருவிழா அம்மக்கள் இம்மண்ணில் வேரூன்றியமைக்கு அடையாளமாகும். ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை முழுமையாக வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

20ஆம் நூற்றாண்டில் பழைய கதை புதிய அளவில் மீண்டது. 1976இல் பொல்கொல்லையிற் திருப்பப்பட்ட மகாவலி நீர், சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து சுது கங்கையிற் கலந்தது. போவத்தென்னவிலிருந்து அது கலாவாவிப் பக்கம் அனுப்பப்பட்டது. நீர் உயரவே, நாலந்தைக் கெடிகே கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டு நிலத்தில் மீளக் கட்டப்பட்டது. 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது; அவ்வாண்டிலேயே களு கங்கை நீர்த்தேக்கமும் நிரம்பத் தொடங்கியது. பழைய லக்கலை நகரும் அயற் கிராமங்களின் வயல்களும் நீருள் அடங்கின. அங்கு வாழ்ந்தோர் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர்.

வறண்ட நிலத்து உழவனுக்கு இந்நீர் வாழ்வளிப்பதை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் ஒரு கற்றளியைப் பெயர்த்துக் காக்க அறிந்த நாடு, இடம்பெயர்ந்த சிங்களக் கிராமத்தவரின் நினைவையும், நடந்தே வந்த தமிழ்த் தொழிலாளரின் நினைவையும் அவ்வாறே காத்ததா என்பது சிந்திக்கற்பாலது. சேனை நிலத்தை இழந்தவனும் அந்நிலத்திற் கூலியாக நிறுத்தப்பட்டவனும் ஒரே ஆற்றின் நீரைப் பருகியவர்கள். அவ்விருவரையும் ஒருங்கே எழுதும் வரலாறே இப்பள்ளத்தாக்கின் முழு வரலாறாகும். அதற்கான சான்றுகளுட் பல இன்றும் ஏட்டில் ஏறாது முதியோர் நாவிலேயே உள்ளன. அவை மறையுமுன் தொகுக்கப்படல் வேண்டும்.