ஜலதோஷத்தில் யாருக்கு ஓய்வு?

ஜலதோஷம், சளி, தடுமம் என்று ஊருக்கு ஒரு பெயரால் அழைத்தாலும், எந்த ஊரிலும் அதை நாம் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. "சும்மா சளிதான்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறோம். மருத்துவ வரலாற்றிலும் அதற்குக் கிடைத்திருப்பது ஒரு மூலைதான். அந்த மூலையைப் படித்தபோது எனக்கு மூன்று கேள்விகள் எழுந்தன. சளி வந்தால் பழி யாருக்கு? அதைப் பற்றிய அறிவில் பெயர் யாருக்கு? ஓய்வு யாருக்கு?

முதலில் பழி. "ஈரத் தலையோட நின்னே, அதான்" என்பது நம் வீட்டுப் பெண்கள் கேட்டே வளரும் வசனம். கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால், தாய் தின்ற தயிர்ச்சோறு விசாரணைக்கு வரும். இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் கட்டிய ஹார்வர்ட் மருத்துவமனைக் குடில்களில் 1946இல் சளி ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கியது. அதை நடத்திய கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், இந்த ஈர நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்தார். தன்னார்வலர்கள் வெந்நீரில் குளித்துவிட்டு, உடம்பைத் துவட்டாமல் காற்று வீசும் நடையில் நடுங்கி நின்றார்கள். ஈரக் காலுறையோடும் இருந்தார்கள். குளிர்ந்ததால் மட்டும் யாருக்கும் சளி பிடிக்கவில்லை. 2005இல் கார்டிஃப் நகரில் நடந்த ஓர் ஆய்வில், கால்களைக் குளிர்ந்த நீரில் வைத்தவர்களில் சற்றுக் கூடுதலானவர்கள் பின்னர் சளி என்றார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த கிருமிக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். எப்படியானாலும் கிருமி இல்லாமல் சளி இல்லை. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். அவற்றில் ஒன்றுகூட ஈரக் கூந்தலிலோ தயிரிலோ பிறப்பதில்லை.

அடுத்து பெயர். 1960களின் தொடக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுவனின் மூக்குநீரிலிருந்து எடுத்த பி814 என்ற மாதிரி, சாலிஸ்பரி ஆய்வாளர்களின் கைக்கு அகப்படாமல் இருந்தது. வழக்கமான முறைகளில் அது வளரவில்லை. டேவிட் டிரெல் அதை லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இருந்த ஜூன் அல்மேடாவுக்கு அனுப்பினார். அவர் கிளாஸ்கோவில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாக 1930இல் பிறந்தவர். பல்கலைக்கழகம் போக வசதியில்லாமல் 16 வயதில் படிப்பை நிறுத்தி ஆய்வக உதவியாளரானார். கனடாவின் டொரன்டோவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கை தேர்ந்தார். டிரெல் அனுப்பிய மாதிரியில், சுற்றிலும் ஒளிவட்டம் போட்டாற்போன்ற துகள்களை அவர் கண்டார். கோழிகளின் மூச்சுக்குழல் நோயிலும் எலிகளின் ஈரல் நோயிலும் இதே உருவத்தை அவர் முன்பே பார்த்திருந்தார். அதை எழுதி அனுப்பியபோது, 'இவை ஃப்ளூ வைரஸின் மோசமான படங்கள்' என்று மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அதே காலத்தில் சிகாகோவில் டாரத்தி ஹாம்ரே, சளி பிடித்த மருத்துவ மாணவர்களிடமிருந்து 229ஈ என்ற வைரஸைப் பிரித்தெடுத்தார். 1967இல் அல்மேடாவும் டிரெல்லும் எழுதிய கட்டுரை, பி814உம் 229ஈயும் கோழி வைரஸும் ஒரே தோற்றம் கொண்டவை என்று காட்டியது. 1968இல் இந்தக் குடும்பத்துக்கு 'கொரோனா வைரஸ்' என்று பெயரிட்டு நேச்சர் இதழில் வந்த குறிப்பின் கீழ் எட்டுப் பெயர்கள். அவற்றில் அல்மேடாவும் உண்டு, ஹாம்ரேவும் உண்டு. 2020இல் உலகமே அந்தச் சொல்லை உச்சரித்தபோதுதான் அல்மேடாவின் பெயர் செய்தித்தாள்களில் பரவலாக வந்தது. அவர் 2007லேயே இறந்துவிட்டார்.

மூன்றாவது ஓய்வு. சாலிஸ்பரியில் தன்னார்வலர்கள் பத்து நாள் தங்கினார்கள். இரண்டு மூன்று பேராகப் பிரித்து வைத்தார்கள். சுடச்சுடச் சாப்பாடு வாசலுக்கே வந்தது. படிக்கலாம், சீட்டாடலாம், மற்றவர்களை நெருங்காமல் நடந்துவிட்டு வரலாம். சளியின் கடுமையை அறிய, அவர்கள் மூக்குச் சிந்திய காகிதக் கைக்குட்டைகளைக்கூட எண்ணினார்கள். நிலையம் 1990இல் மூடப்படும்வரை சளியைத் தீர்க்கும் மருந்து கிடைக்கவில்லை. இன்றும் இல்லை. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. நொச்சி ஆவியும் சுக்குக் காப்பியும் மிளகு ரசமும் தொண்டைக்கும் மூக்கடைப்புக்கும் இதம் தரும், கிருமியைக் கொல்லாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கழுவாத கையால் மூக்கையும் கண்ணையும் தொடாமலிருப்பது, இருமும்போது வாயை மூடுவது, நிறைய நீர் குடிப்பது, படுத்திருப்பது. இவைதான் மிஞ்சுகின்றன.

இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் நம் வீட்டுப் பெண்கள் செய்கிறார்கள், மற்றவர்களுக்கும் செய்விக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெகம்சே என்ற ஊரில் 1965 முதல் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்தவர்கள், இளம் வயதுப் பெண்களுக்கு அதே வயது ஆண்களைவிட அதிகம் சளி பிடிப்பதைக் கண்டார்கள். சின்னக் குழந்தைகளோடு ஓயாமல் நெருங்கியிருப்பதையே அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். பிள்ளையின் மூக்கைச் சிந்திவிடும் கை யாருடையதோ அவருக்கே தொற்று முதலில் வருகிறது. பிறகு அவரே எழுந்து எல்லோருக்கும் கஷாயம் வைக்கிறார்.

என் வகுப்பு மாணவிகளிடம், போன முறை சளி பிடித்தபோது உங்கள் அம்மா எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கேட்டேன். "அம்மாவுக்குச் சளி பிடிச்சா எங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?" என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. பிறகு அமைதியானது.

சளிக்கு இருக்கும் மருந்து ஓய்வு ஒன்றுதான் என்றால், அதைப் பங்கிடுவதும் மருத்துவம்தான். அடுத்த முறை வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும், ரசம் வைக்க எழுவது யார் என்று பாருங்கள். தும்மியவரே எழுந்தால், கையைப் பிடித்து உட்கார வையுங்கள். மிளகைத் தட்ட இன்னொருவருக்கும் கை இருக்கிறது.