பூட்டிய வீடுகளும் ஒரு வாக்கெடுப்பும்

கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ ஒரு வீடு வாங்கிப் போட்டால் லீவுக்குப் போய் இருக்கலாமே என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். இதே ஆசை ஒரு நாட்டையே வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்றிருக்கிறது. அந்த நாடு சுவிட்சர்லாந்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் விடுமுறை வீடுகள் பெருகின. வெளிநாட்டினர் நிலம் வாங்குவதற்கு 1961-லேயே கட்டுப்பாடு வந்தது. ஆனால் உள்நாட்டு நகரவாசிகள் வாங்குவதை அது தடுக்கவில்லை. பல ஊர்களில் வீடுகளில் பாதிக்கு மேல் ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே திறந்திருந்தன. இவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் ‘குளிர்ந்த படுக்கைகள்’. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சீசன் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் போட வேண்டும். மற்ற மாதங்களில் கடைக்காரருக்கு வியாபாரம் இருக்காது.

சுற்றுச்சூழல் ஆர்வலர் ஃபிரான்ஸ் வெபர் இதை எதிர்த்து இயக்கம் நடத்தினார். அந்நாட்டில் 18 மாதங்களுக்குள் ஒரு லட்சம் கையெழுத்து திரட்டினால் அரசியல் சட்டத் திருத்தம் கோரலாம். அப்படி வந்த கோரிக்கை 2012 மார்ச் 11-ல் வாக்கெடுப்புக்குப் போனது. எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே கோரிக்கை. 50.6 சதவீதம் பேர் ஆதரித்தனர். கட்டுமான வேலையை நம்பியிருந்த வாலே போன்ற மலை மாநிலங்கள் எதிர்த்தும் அது நிறைவேறியது.

2016 ஜனவரி 1 முதல் விரிவான சட்டம் அமலுக்கு வந்தது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வாக்கெடுப்பு நாளுக்கு முன்பே இருந்த அல்லது அனுமதி பெற்ற வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவற்றை விடுமுறை வீடாக விற்கத் தடையில்லை. புதிய விடுமுறை வீடு கட்ட முடியாததால், பணம் உள்ளவர்களின் பார்வை பழைய வீடுகள் மீது திரும்பியது. எங்காடின் போன்ற பள்ளத்தாக்குகளில் தலைமுறையாக வாடகைக்கு இருந்த ஆசிரியரும் தச்சரும் செவிலியரும் வீடு கிடைக்காமல் திண்டாடினார்கள். மலைச்சரிவுகள் காப்பாற்றப்பட்டன, ஆனால் ஊர்க்காரர்களுக்கு ஊரில் இடமில்லை.

2024-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரப்பை 30 சதவீதம் வரை கூட்டவும், கூடுதல் வீடுகள் அமைக்கவும் அனுமதி கிடைத்தது. உள்ளூர்வாசிகளுக்கு இது இன்னும் நெருக்கடி என்பது விமர்சகர்களின் வாதம். வாதம் இன்னும் ஓயவில்லை.

கட்டுப்பாடு கூடாது என்பதல்ல இதன் பாடம். ஒரு விதியை ஆதரித்துக் கை தூக்குமுன், அதிலிருந்து யாருக்கு விலக்கு, அந்த விலக்கின் சுமை யார் தலையில் விழும் என்று கேளுங்கள். மலையில் வீடு பார்க்கப் போகும்போதும், அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வரும்போதும் இந்தக் கேள்வி உங்களிடம் இருக்கட்டும்.