பெயருக்குப் பின்னால்

கல்யாணப் பத்திரிகை, பிரிவு உபசார மடல், வேலைக்கு மனு: இந்த மூன்றையும் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் அநேகம் பேர். கதை எழுதுகிறவனுக்கு இவையெல்லாம் கை வந்த வித்தையாக இருக்கும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. மூன்றிலும் கொஞ்சம் கற்பனை கலக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணமோ என்னவோ!

சென்ற மாதம் என் பழைய சிநேகிதரின் மகன் வந்தான். பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளை. கல்லூரி ஆசிரியர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் தயார் செய்திருந்தான்.

"மாமா, இதை ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்" என்று ஆறு பக்கத் தாள்களை நீட்டினான்.

படிப்பு, ஆராய்ச்சி, கட்டுரைகள் எல்லாம் மூன்று பக்கத்தில் முடிந்துவிட்டன. பாக்கி மூன்று பக்கமும் பரிசுகளும் உபகாரச் சம்பளங்களும்தான். ஐந்தாம் வகுப்பில் பாரதியார் வேஷம் போட்டு வாங்கிய பரிசு இருந்தது. மூன்று நாள் பயிலரங்கில் உட்கார்ந்து எழுந்ததற்கான சான்றிதழ் இருந்தது. இவற்றுக்கு நடுவே, கூட்டத்தில் தொலைந்த குழந்தை மாதிரி, நாடு முழுவதற்கும் பொதுவான பரீட்சை எழுதிப் பெற்ற ஆராய்ச்சி உபகாரச் சம்பளமும் இருந்தது. அதற்கு ஆரம்ப வருஷம் மட்டும் போட்டிருந்தான். முடிந்த வருஷம் இல்லை.

"இது எப்போது முடிந்தது?" என்றேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டேன் மாமா. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததே, அப்போது. பிறகு டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சியை முடித்தேன். உண்மையைப் போட்டால் பாதியில் விட்டவன் என்பார்கள். அந்த வரியையே எடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்தேன்."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "தாள்கள் இங்கே இருக்கட்டும், நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். பெருமைகளை வரிசைப்படுத்தி எழுதுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. முதலாம் ராஜராஜ சோழன் (985–1014) காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி என்று ஒரு பகுதி வரும். காந்தளூர்ச் சாலை, வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம் என்று அரசன் பெற்ற வெற்றிகள் அதில் வரிசையாக நிற்கும். ஆட்சி வளர வளர மெய்க்கீர்த்தியும் வளரும். ஆண்டு சிதைந்துபோன கல்வெட்டில் எந்த வெற்றி வரையில் சொல்லியிருக்கிறது என்று பார்த்தே, அது எந்தக் காலத்தது என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். எனவே பட்டியல் போடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காகப் போட்ட பட்டியல் ஆயிரம் வருஷம் கழித்தும் பயன்படுகிறது.

ஆனால் ஒன்று. எந்த அரசனும் தான் தோற்ற இடத்தை மெய்க்கீர்த்தியில் பொறித்ததில்லை. 'மெய்' என்ற சொல் அந்த அளவில் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

தோல்வியையும் சொல்லி மனுப் போட்டவர் யாராவது உண்டா என்று யோசித்தபோது, கும்பகோணத்துப் பிள்ளை ஒருவர் நினைவுக்கு வந்தார். கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன்தான்.

1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசுடன் வெளியே வந்தவர் ராமானுஜன். உபகாரச் சம்பளத்துடன் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் அந்தச் சம்பளம் பறிபோயிற்று. அவமானம் தாங்காமல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து, 1907-ல் எப்.ஏ. பரீட்சை எழுதி அதிலும் தோற்றார்.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக்கு அவர் எழுதிய குமாஸ்தா வேலை மனு இன்றும் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரையில் படித்ததையும் சொல்கிறார். எதிர்பாராத இடையூறுகளால் மேலே படிக்க முடியாமல் போயிற்று என்கிறார். ஆனாலும் தம் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதாக அடுத்த வரியிலேயே எழுதுகிறார். தடைப்பட்டது, தடைப்பட்ட பிறகு செய்தது, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார். அழுகையும் இல்லை, அலங்காரமும் இல்லை. மாதம் 30 ரூபாயில் வேலை கிடைத்தது.

மறு வருஷம் 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். தாம் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா என்பதும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்பதும் ஆரம்பத்திலேயே வந்துவிடுகின்றன. பட்டம், பரிசு என்று ஒரு வரிகூடக் கிடையாது. கூடவே பக்கம் பக்கமாகக் கணிதச் சூத்திரங்கள் மட்டும் இருந்தன. ஹார்டி பார்த்தது அவற்றைத்தான்.

அதன் பிறகுதான் பட்டியல் வளர ஆரம்பித்தது. அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் தன் வழக்கத்தைத் தளர்த்தி, பட்டம் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. 1914-ல் இங்கிலாந்து போவதற்கு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது. 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் சொஸைட்டியின் பெல்லோ. அந்தக் கௌரவத்தைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அதே வருஷம் அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் பெல்லோ. பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வரிசையாக வந்து சேர்ந்தன.

இந்தப் பட்டியலுக்குள்ளும் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. டிரினிடி கல்லூரி 1917-ல் அவரைத் தேர்ந்தெடுக்க மறுத்தது. ஒரே வருஷத்தில் அவருடைய கணிதம் மாறிவிடவில்லை. மறுத்தவர்களும் மனிதர்கள், கொடுத்தவர்களும் மனிதர்கள். ஆகவே ஒரு விருது நம்மைப் பற்றிச் சொல்வதில் பாதி, அன்றைக்கு அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான்.

பெருமைகள் வந்து சேர்ந்த நேரத்தில் அவர் வைத்தியசாலைப் படுக்கைகளில் கிடந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுதோறும் 250 பவுண்டு தருவதாக அறிவித்தது. அதற்கு 1919 ஜனவரியில் ராமானுஜன் எழுதிய பதில்தான் என் மனத்தை உருக்கிய காகிதம். இவ்வளவு பணம் தமக்குத் தேவைக்கு அதிகம் என்கிறார். தம் செலவு போக, ஆண்டுக்கு 50 பவுண்டு பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, மீதியை ஏழைப் பிள்ளைகளும் அநாதைகளும் படிப்பதற்குச் செலவிட வேண்டும் என்கிறார். பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் உதவலாம் என்று குறிப்பாகவே சொல்கிறார். நோயினால் முன்போல் கணிதம் செய்ய முடியவில்லையே என்று அந்தக் கடிதத்தில் வருந்தவும் செய்கிறார்.

கும்பகோணத்தில் பறிபோன அந்த உபகாரச் சம்பளத்தை அவர் எந்த மனுவிலும் பெருமையாகப் போட்டிருக்க முடியாது. ஆனால் பள்ளிச் சம்பளம், புத்தகம் என்று எழுதிய கை அதை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32 வயதில், அவர் சென்னையில் காலமானார்.

மறுநாள் பையன் வந்தான். கதை முழுவதையும் சொன்னேன். "மாமா, அவர் ராமானுஜன். நான் யார்?" என்றான்.

"உன்னை ராமானுஜன் என்று நான் சொல்லவில்லையப்பா. மனு எழுதுகிற விதத்தை மட்டும் அவரிடம் கடன் வாங்கிக்கொள்" என்றேன்.

இருவரும் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினோம். சமீபத்தில் கிடைத்தது முதலில். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் கொடுத்தது, எதற்காக, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று எழுதினோம். போட்டியிட்டுப் பெற்றவை வேறு, கலந்துகொண்டவை வேறு என்று பிரித்தோம். கலந்துகொண்டவற்றில் பெரும்பாலானவை தாமாகவே உதிர்ந்துவிட்டன. பாரதியார் வேஷத்தை அவன் அம்மாவிடமே ஒப்படைக்கச் சொன்னேன். அதன் மதிப்பு அவளுக்குத்தான் தெரியும். மூன்று பக்கம் முக்கால் பக்கமாகச் சுருங்கியது.

கடைசியில் அந்த ஆராய்ச்சி உபகாரச் சம்பளம். இரண்டு வருஷத்தையும் ஒளிக்காமல் போட்டோம். தந்தையின் நோயினால் விட நேர்ந்தது என்றும், பிறகு சொந்த வருவாயில் ஆராய்ச்சியை முடித்ததாகவும் இரண்டு வரி சேர்த்தோம்.

இரண்டு நாள் கழித்து அவன் டெலிபோன் செய்தான். அனுப்புவதற்கு முன்னால் அப்பாவிடம் படித்துக் காட்டினானாம். அந்த வரி வந்ததும், "என் வியாதியெல்லாம் அதில் எதற்கடா?" என்று கேட்டாராம். இவன் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறான். சற்று நேரம் கழித்து அவரே, "சரி, இருந்துவிட்டுப் போகட்டும். மறுபடி ஒரு தடவை படி" என்றாராம்.